கலத்தை எடைபோட்ட சாயம்

கழுத்தில் வீங்கினால் கற்பிட்டிப் பக்கம் "நெறி கட்டியிருக்கு" என்பார்கள். பெரும்பாலும் தொண்டைப் புண்ணோ சொத்தைப் பல்லோ காரணம்; தானாக வற்றிவிடும். வாரக்கணக்கில் வற்றாமல், வலியும் இல்லாமல் தடித்துக்கொண்டே போகும் நெறியைத்தான் அலட்சியம் செய்யக் கூடாது. பயாப்சியில் நிணநீர்ப் புற்று என்று தெரிந்தபின்னும் பெரிய கேள்வி மிச்சமிருக்கும்: ஆண்டுக்கணக்கில் ஊர்கிற இனமா, சில வாரங்களிலேயே பாய்கிற இனமா? சிகிச்சை அதைப் பொறுத்தது.

இந்தக் கேள்விக்கு எண்ணால் பதில் தேடும் வழி, ஒரு சாயத்திலிருந்து பிறந்தது. 1924இல் ஜெர்மனியில் ராபர்ட் ஃபாய்ல்கனும் ரோசன்பெக்கும் கலங்களை அமிலத்தில் மிதமாகச் சூடாக்கி, நிறமற்ற ஷிஃப் கரைசலில் இட்டார்கள். கருவிலிருந்த டி.என்.ஏ. மட்டும் செவ்வூதாவாகச் சிவந்தது. டி.என்.ஏ. எவ்வளவோ, நிறமும் அவ்வளவு. நிறத்தை அளந்தால் டி.என்.ஏ.யை அளந்ததாகிவிடும். 1930களில் ஸ்டாக்ஹோமில் டோர்ப்யோர்ன் காஸ்பெர்சன், கலம் விழுங்கும் ஒளியை நுண்ணோக்கி வழியே அளந்து காட்டினார். கம்ப்யூட்டர் வந்தபின் கருவின் படத்தைப் புள்ளி புள்ளியாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியின் கருமையையும் கூட்டினார்கள்.

எடைபோடப் படிக்கல் வேண்டாமா? அதுவும் பயாப்சியில் எடுத்த இழையத்திலேயே இருந்தது: நோயில்லாத சிறு நிணக்கலம். அதன் டி.என்.ஏ., ஒரு கிராமின் லட்சம் கோடியில் சுமார் ஆறு பங்கு. பிளவுபடத் தயாராகும் கலத்தில் அது இரட்டிக்கும். மெல்ல வளரும் புற்றில் பெரும்பாலான கலங்கள் படிக்கல்லோடு ஒத்துப்போகும். வேகமாகப் பெருகும் புற்றில் பல கலங்கள் இரட்டிப்பை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும். சில, எந்தக் கணக்கிலும் அடங்காத அளவில் நிற்கும்.

1983இல் டேவிட் ஹெட்லி குழு, மெழுகில் பதித்த பழைய இழையத்திலிருந்து கருக்களைப் பிரித்தெடுத்து, ஒளிர்சாயம் ஏற்றி, திரவ ஓட்டத்தில் டி.என்.ஏ.யை அளந்தது. நோயாளிக்குப் பின்னாளில் என்ன நேர்ந்தது என்பதோடு அளவை ஒப்பிட வழி திறந்தது.

ஆனால் எடை மட்டும் இனத்தைச் சொல்லாது. மெல்லியதாகச் சீவிய இழையத்தில் கருக்கள் பாதியாக வெட்டுப்படுவதால் அளவும் குறைந்து தெரியும். கலத்தின் புரதங்களைக் காட்டும் சாயங்களே இன்று இனம் பிரிக்கின்றன, கே.ஐ.-67 என்ற புரதத்துக்கான சாயம் பெருகும் கலங்களைக் காட்டுகிறது. இவை எல்லாவற்றுக்கும் வேண்டியது பயாப்சி இழையத்தைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டிதான். புத்தளத்திலிருந்து மகரகம புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகிறவர்கள் அறிக்கையோடு நின்றுவிடாமல், மெழுகுக் கட்டி எந்த ஆய்வுகூடத்தில் இருக்கிறது என்பதையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.