ஒரே சாலை, மூன்று சம்பளம்

பெருங்குடியில் வேலை என்று சொன்னால் சென்னைக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "டெய்லி போயிட்டு வர எவ்ளோ நேரம் ஆகுது?" என்பதுதான். சம்பளம் எவ்வளவு என்று நேராகக் கேட்க மாட்டார்கள். ஐடி என்றதும் அவர்களாகவே மனதுக்குள் ஒரு தொகையைப் போட்டுக்கொள்வார்கள். பெரும்பாலும் அந்தத் தொகை 2005ஆம் ஆண்டில் நின்றுபோன தொகையாக இருக்கும். பழைய மகாபலிபுரம் சாலையின் வரலாற்றை நான் தேடிப் படிக்கத் தொடங்கியதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

பெருங்குடியின் கிழக்கே பக்கிங்காம் கால்வாய், மேற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். நடுவே ஒல்லியாக ஓடும் மேட்டில்தான் ஊரும் சாலையும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட அந்தக் கால்வாயில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் பட்டணத்துக்குப் போயின. மேற்கே இருந்த சதுப்பை ஊர்க்காரர்கள் கழுவெளி என்றார்கள். 1960களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்தது. இன்று மிஞ்சியிருப்பது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. பயிர் வைக்க முடியாத நிலம் என்றால் அரசாங்கக் காகிதத்தில் அது வீண் நிலம். வீண் நிலத்துக்கு என்ன வரும்? 1980களில் மாநகராட்சியின் குப்பை லாரிகள் வந்தன. சுமார் 225 ஏக்கரில் குப்பை மலையாக வளர்ந்தது.

குப்பை என்றாலும் அதை நம்பியும் பிழைப்பு நடந்தது. பிளாஸ்டிக், இரும்பு, பாட்டில், அட்டை என்று பிரித்தெடுத்துக் காயலாங்கடையில் எடைக்குப் போட்டால் அன்றைய சோற்றுக்கு வழி பிறக்கும். மாதச் சம்பளமோ, பி.எஃப்.போ கிடையாது. இந்தச் சாலையின் முதல் சம்பளம் என்று நான் எண்ணுவது இதைத்தான்.

அடுத்த இரண்டும் ஒரே ஆண்டில் வந்தன. 2000 ஜூலையில் தரமணியில் டைடல் பூங்காவைப் பிரதமர் வாஜ்பாய் திறந்துவைத்தார். அதே ஆண்டில், சில கிலோமீட்டர் தெற்கே, ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் உருவாகத் தொடங்கியது. சென்னையின் நடுப்பகுதிகளில், ஆற்றோரங்களில் குடியிருந்தவர்களைக் கொண்டுவந்து குடிவைத்த இடம் அது. பின்னர் அங்கே 15,000க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கிய காலத்தில், மக்கள் இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டித் தருவதுதான் அதன் முக்கிய வேலையாக இருந்தது. நகரத்துக்குள் நிலத்தின் விலை ஏற ஏற வாரியத்தின் பார்வை ஊருக்கு வெளியே திரும்பியது. பெரும்பாக்கம் வரை அது நீண்டது.

நிலம் மலிவு என்பதால் கண்ணாடிக் கட்டடங்கள் இங்கே வந்தன. வெளியேற்றப்பட்டவர்களை இங்கே அனுப்பியதற்கும் காரணம் அதே மலிவுதான். ஒரு சாராருக்குச் சாலையை ஆறு வழியாக்கி ராஜீவ் காந்தி சாலை என்று பெயர் வைத்தார்கள். மற்றவர்களுக்கு, மயிலாப்பூரில் நடந்தே போய்வந்த வீட்டு வேலை இரண்டு பஸ் தூரத்துக்குத் தள்ளிப்போனது. வருமானம் குறைந்தது என்று மட்டும் சொன்னால் போதாது. வருமானத்துக்குள்ளேயே ஒரு புதுச் செலவு நுழைந்துவிட்டது.

ஐடி சம்பளத்துக்கு வருவோம். 2000களில் கல்லூரியிலிருந்து நேராகப் பெரிய நிறுவனத்துக்குள் நுழைந்தவருக்கு ஆண்டுக்கு மூன்று லட்சத்தை ஒட்டிக் கிடைத்தது. அப்பா ஓய்வுபெறும்போது வாங்கிய சம்பளத்தைப் பையன் முதல் மாதமே வாங்கினான் என்று வீடுகளில் பேசிக்கொண்ட காலம். இன்றும் பெரிய சேவை நிறுவனங்களில் பொறியியல் பட்டதாரியின் தொடக்கச் சம்பளம் மூன்றரை லட்சத்தைச் சுற்றித்தான் நிற்கிறது. இடைப்பட்ட காலத்தில் விலைவாசி இரண்டு மடங்குக்கும் மேல் ஏறிவிட்டது. 2024இல் காக்னிசன்ட் நிறுவனம் பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கு 2.52 லட்சம் என்று அறிவித்தபோது சமூக ஊடகங்களில் எழுந்த கேலிக்குப் பின்னால் இருந்தது இந்தக் கணக்குதான்.

எங்கள் டீமில் சேர்ந்த தம்பி ஒருவன் முதல் மாதச் சம்பளம் வந்ததும் கேட்டான்: "அண்ணா, பிடித்தம் போக இவ்ளோதான் வருமா?" கைக்கு வந்தது இருபத்தைந்தாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. மூன்று பேர் தங்கும் பி.ஜி. அறைக்குச் சாப்பாட்டோடு எட்டாயிரம். ஊருக்குப் பத்தாயிரம் அனுப்ப வேண்டும், கல்விக் கடன் தவணை வேறு. தனி வீடு பார்க்கலாம் என்றால் பத்து மாத அட்வான்ஸ். 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் மூன்று மாத முன்பணம் போதும் என்கிறது, இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொள்ளாத பட்சத்தில். வீடு வேண்டும் என்பவன் ஒப்புக்கொள்ளாமல் என்ன செய்வான்?

வாடகைக்கு மேல் தண்ணீர். குழாய்த் தண்ணீர் வருவதற்கு முன்பே இந்தச் சாலையில் அடுக்குமாடிகள் வந்துவிட்டன. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013இல்தான் தொடங்கியது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது சில நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின. சதுப்பு நிலத்தின் கரையில் குடியிருந்துகொண்டு, பக்கத்துக் கிராமக் கிணறுகளிலிருந்து லாரியில் வரும் தண்ணீரை விலைக்கு வாங்குகிறோம். அந்த லாரிக் காசு 'மெயின்டனன்ஸ்' என்ற பெயரில் மாதாமாதம் வருவதால் யாரும் அதைத் தண்ணீர்ச் செலவாக எண்ணுவதில்லை.

மூன்றாவது சம்பளம் எங்கள் சமையலறைகளில் இருக்கிறது. அடுக்குமாடிகள் பெருகியதால் கண்ணகி நகர்ப் பெண்களுக்கு மயிலாப்பூரை விடப் பக்கத்திலேயே வேலை கிடைத்தது. 2018இல் தமிழக அரசு வீட்டு வேலைக்கு மணிக்கு 37 ரூபாய் குறைந்தபட்சக் கூலியாக நிர்ணயித்தது. அப்படி ஓர் ஆணை இருப்பது வேலை தருகிறவர்களில் பலருக்குத் தெரியாது. எங்கள் வீட்டுக்கு வரும் அக்காவின் வாழ்க்கையில் மாற்றத்தை உண்டாக்கியது வேறோர் ஆணை: 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு வந்த இலவசப் பயணம். மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு, ஒரு பெண்ணுக்குச் சராசரியாக மாதம் 888 ரூபாய் மிச்சம் என்றது. அக்கா வேறு மாதிரி சொன்னார்: "முன்னல்லாம் கூட ஒரு வீடு கெடச்சாலும் பஸ்ஸு காசுக்கே போயிடும்னு வேணாம்னுடுவேன் தம்பி. இப்ப போறேன்."

ஆய்வில் 888 ரூபாய் என்று வருவது அவருக்கு இன்னொரு வீட்டுச் சம்பளமாக ஆகியிருக்கிறது. சம்பளம் பேசுகிறபோது கூலியை மட்டும் பார்ப்பது எவ்வளவு அரைகுறையான கணக்கு என்பது அந்த ஒரு வாக்கியத்தில் எனக்குப் புரிந்தது. பஸ் கட்டணம், தண்ணீர், வீட்டின் தூரம் இவையெல்லாம் அரசு எடுக்கும் முடிவுகள். 2000இல் தூரத்தைக் கூட்டி ஒரு வருமானத்தைக் குறைத்தது அரசுதான். இருபது ஆண்டுகள் கழித்து டிக்கெட்டை ரத்துசெய்து அதில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்ததும் அதே அரசுதான்.

2022இல் பள்ளிக்கரணை ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் குப்பைமேடு தீப்பிடித்துப் பல நாட்கள் புகைந்தது. இப்போது குப்பையைச் சலித்து நிலத்தை மீட்கும் பணி நடக்கிறது. சாலை நடுவே மெட்ரோ தூண்கள் எழுந்துவிட்டன. ரயில் ஓடுவதற்கு முன்பே வாடகையில் மெட்ரோவைச் சேர்த்துக் கேட்கிறார்கள்.

இந்தச் சாலையின் பொருளாதார வரலாற்றை யாராவது எழுதினால் ஐடி சம்பளத்துக்கு ஆதாரம் எளிதாகக் கிடைக்கும்; நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் இருக்கின்றன. குப்பைமேட்டில் எடைக்குப் போட்ட காசுக்கும், சமையலறையில் கைக்குக் கை மாறிய காசுக்கும் ரசீது கிடையாது. அவர்களிடம் இப்போதே கேட்டு எழுதிவைத்தால்தான் உண்டு. மீட்ட நிலத்தில் பூங்கா வந்த பிறகு, அங்கே ஒரு பிழைப்பு நடந்தது என்பதற்குச் சாட்சி இருக்காது.