ஹிர்ஷும் கைகரும்: தோரா யாருடைய சொல்?

1829-இல் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் இரண்டு யூத மாணவர்கள் நண்பர்களானார்கள். ஒருவர் ஹாம்பர்க்கில் பிறந்த சாம்சன் ரஃபேல் ஹிர்ஷ். மற்றவர் பிராங்க்ஃபர்ட்டில் பிறந்த ஆபிரகாம் கைகர். பிரசங்கப் பயிற்சிக்கென்று மாணவர் சங்கம் ஒன்றையும் சேர்ந்தே தொடங்கினார்கள். பின்னாளில் முன்னவர் நவீன வைதிக யூதத்துக்கும் பின்னவர் சீர்திருத்த யூதத்துக்கும் வழிகாட்டிகளானார்கள். பிரிவின் வேரில் இருந்தது, யூத வேதமான தோரா எங்கிருந்து வந்தது என்ற கேள்வி.

ஹிர்ஷ் 1836-இல் வெளியிட்ட ‘பத்தொன்பது கடிதங்கள்’ நூலில் தன் விடையைச் சொன்னார். வானும் மண்ணும் எப்படி மறுக்க முடியாத உண்மைகளோ, அப்படியே தோராவும். சினாய் மலையில் ஒரு மக்கள் கூட்டமே கண்டு கேட்டது அது. எழுத்துத் தோரா, விரிவுரை கேட்ட மாணவன் எடுத்த குறிப்பைப் போன்றது. முழு விரிவுரையும் வாய்மொழி மரபில் இருக்கிறது என்று பின்னாளில் தன் தோரா உரையில் விளக்கினார். ஆகவே இரண்டுமே இறைவாக்கு. மாற வேண்டியது தோரா அல்ல, மனிதனே.

கைகர் அந்த நூலைத் தன் இதழில் கடுமையாக விமர்சித்தார். வேதத்தின் பழைய மொழிபெயர்ப்புகளையும் பாட வேறுபாடுகளையும் ஒப்பிட்டு 1857-இல் அவர் எழுதிய ஆய்வு, ஒவ்வொரு தலைமுறையின் நம்பிக்கையும் சச்சரவும் மூலபாடத்திலேயே தடம் பதித்திருப்பதாக வாதிட்டது. அவர் இறைவனை மறுக்கவில்லை. இஸ்ரேல் மக்களின் சமய மேதைமையில் சுடர்ந்த ஒளியே வெளிப்பாடு என்றார். வளர்ந்து வந்த நெறி, மேலும் வளரலாம் என்பது அவர் முடிவு.

நவீனக் கல்வியை இருவருமே ஏற்றார்கள். 1853-இல் பிராங்க்ஃபர்ட்டில் ஹிர்ஷ் திறந்த பள்ளியில் தோராவும் உலகியல் பாடங்களும் சேர்ந்தே கற்பிக்கப்பட்டன. ஆனால் வரலாற்று ஆய்வு தோராவின் பிறப்பைத் தொடலாகாது என்று அவர் கோடு கிழித்தார். கைகர் அந்தக் கோட்டைத் தாண்டினார்.

பாடச் சான்றுகளை நேர்மையாக எதிர்கொண்டதில் கைகரின் கை ஓங்கியிருக்கிறது. ஆனால் கட்டளை மனிதர் வழியே உருவானதென்றால், கடினமான வேளையிலும் அதற்கு நான் ஏன் கட்டுப்பட வேண்டும்? ஹிர்ஷிடம் இதற்கு உறுதியான விடை உண்டு. கைகரின் வழியில் ஒவ்வொரு தலைமுறையும் அதைப் புதிதாகத் தேடியாக வேண்டும். இருவரும் வாழ்நாள் முழுவதையும் இந்த வேதத்துக்கே கொடுத்தவர்கள். ஒருவரைக் குருட்டு நம்பிக்கையாளர் என்றும் மற்றவரை நாத்திகர் என்றும் ஒதுக்குவது இருவருக்கும் இழைக்கும் அநீதி.