அரசி இறங்கிய படித்துறைக்குக் கீழே

பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ நகரத்தில் பழைய துறைமுகப் பகுதியைப் பார்க்கப் போகிறவர்களைச் சுற்றுலாக் கையேடுகள் முதலில் மவா சதுக்கத்துக்கு அனுப்புகின்றன. அங்கே கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் வெள்ளைக் கட்டடம்தான் 2015இல் திறக்கப்பட்ட ‘நாளைய அருங்காட்சியகம்’. கரையை மறைத்துக்கொண்டிருந்த மேம்பாலச் சாலையை இடித்தார்கள். டிராம் விட்டார்கள். பழைய கிடங்குகளுக்கு வண்ணம் பூசினார்கள். 2016 ஒலிம்பிக்கை முன்வைத்துச் சுமார் 50 லட்சம் சதுர மீட்டர் பரப்பில் நடந்த இந்தச் சீரமைப்புக்கு ‘அதிசயத் துறைமுகம்’ என்று பெயர் வைத்தார்கள்.

அந்தச் சதுக்கத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், சாலையோரம், தரைமட்டத்துக்குக் கீழே ஒரு பள்ளம் இருக்கிறது. பள்ளத்தில் கரடுமுரடான கல் பாவிய தரை. புகைப்படம் எடுத்துக்கொள்ள அதில் அழகு ஒன்றும் இல்லை. ஆனால் 2017இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது இந்தக் கற்களைத்தான். இதன் பெயர் வலோங்கோ படித்துறை. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட சுமார் 9 லட்சம் மனிதர்கள் வலோங்கோ வழியாகத்தான் அந்த மண்ணில் கால் வைத்தார்கள்.

இந்தத் துறை ஏன் இந்த இடத்தில் வந்தது? 1770கள் வரை அடிமைச் சந்தை நகரத்தின் நடுவில், அரசப் பிரதிநிதியின் மாளிகைக்குப் பக்கத்திலேயே நடந்தது. நோயோடும் புண்ணோடும் ஆடையில்லாமல் கப்பலிலிருந்து இறக்கப்பட்டவர்களைப் பார்ப்பது மேட்டுக்குடிகளுக்கு அருவருப்பாக இருந்தது. அரசப் பிரதிநிதி லாவ்ராதியூ பிரபு சந்தையை ஊருக்கு வெளியே, வலோங்கோ கரைக்கு மாற்றினார். வியாபாரத்தை நிறுத்தவில்லை, கண்ணில் படாமல் தள்ளி வைத்தார். உழைப்பு வேண்டும், உழைக்கிறவன் எதிரே வரக்கூடாது. இந்தக் கணக்கு நமக்குப் புதிதல்ல. ஊரையும் சேரியையும் பிரித்த கணக்கும் இதுவேதான்.

1811இல் அங்கே கல்துறை கட்டினார்கள். சுற்றிலும் விற்பனைக் கூடங்கள். கடல் பயணத்தில் எலும்பும் தோலுமானவர்களுக்குத் தீனி போட்டு, உடலைத் தேற்றி, விலை பேசினார்கள். வந்து சேர்ந்ததும் செத்துப்போனவர்களுக்கு அருகிலேயே ஒரு புதைகுழி இருந்தது. ‘புதிய கறுப்பர்களின் கல்லறை’ என்று அதற்குப் பெயர். கல்லறை என்பது பெயருக்குத்தான். ஆழமில்லாத குழிகளில் உடல்களைப் போட்டார்கள், எரித்தார்கள், ஊர்க் குப்பையையும் அங்கேயே கொட்டினார்கள். 1824 முதல் 1830 வரையிலான பதிவேட்டில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

1831இல் அடிமைகளைக் கப்பலில் கொண்டுவருவதைத் தடைசெய்து சட்டம் வந்தது. வலோங்கோ துறை மூடப்பட்டது, கடத்தல் வேறு கரைகளில் நடந்துகொண்டே இருந்தது. ‘இங்கிலீஷ்காரன் பார்ப்பதற்காக’ என்று பிரேசிலில் ஒரு சொலவடை உண்டு. ஒப்புக்குச் செய்கிற காரியத்தைச் சொல்வது. அது இந்தச் சட்டத்திலிருந்து பிறந்தது என்று பலர் சொல்வார்கள்.

1843இல் பேரரசர் இரண்டாம் பெத்ருவுக்கு மணப்பெண்ணாக இத்தாலியிலிருந்து இளவரசி தெரெசா கிறிஸ்தினா வந்தார். அவர் இறங்க நல்ல துறை வேண்டும். வலோங்கோ கற்களின் மேல் மண்ணைக் கொட்டி, அதன்மேல் செதுக்கிய கற்களால் ‘பேரரசி படித்துறை’யைக் கட்டினார்கள். அடியில் அடிமைகள் மிதித்த கல், மேலே அரசி மிதித்த கல். 1911க்குள் துறைமுக விரிவாக்கத்தில் கடலையே தூர்த்தபோது இரண்டு துறைகளும் மண்ணுக்குள் போயின.

அதே 1843இல் இங்கே என்ன நடந்தது என்பதையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டின் 5ஆம் சட்டத்தின் மூலம், அடிமை உரிமையை இனி நீதிமன்றங்கள் ஏற்காது என்று கம்பெனி அரசு அறிவித்தது. சென்னை மாகாணத்தில் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டும் அடகு வைக்கப்பட்டும் வந்த பறையர்களும் பள்ளர்களும் ஏட்டில் விடுதலை பெற்றார்கள். கையில் ஒரு குழி நிலம் வரவில்லை. அடிமை என்ற சொல் போய், பண்ணையாள், படியாள் என்ற சொற்கள் நின்றன. ரியோவில் மண்ணைப் போட்டு மூடியதை இங்கே சொல்லை மாற்றி மூடினார்கள்.

ரியோவில் மூடியது திரும்ப மேலே வந்தது. 1996இல் காம்போவா பகுதியில் ஒரு குடும்பம் தன் வீட்டைப் பழுதுபார்க்கத் தரையைத் தோண்டியபோது மனித எலும்புகள் கிடைத்தன. தொலைந்துபோன அந்தக் கல்லறைதான் அது. அந்தக் குடும்பம் எலும்புகளை மறைத்துவிட்டுத் தரை போடவில்லை. வீட்டையே நினைவகமாக்கினார்கள். 2017இல் அங்கே ஒரு இளம்பெண்ணின் முழு எலும்புக்கூடு கிடைத்தது.

2011இல் ‘அதிசயத் துறைமுக’த் திட்டத்துக்காகத் தோண்டியபோது, தொல்லியலாளர் தானியா அந்திராதே லிமாவின் குழு முதலில் அரசியின் துறையையும் அதன் அடியில் வலோங்கோவையும் கண்டது. பாசிமணிகள், சோழிகள், தாயத்துகள், புகைக்குழாய்கள், நாரில் பின்னிய மோதிரங்கள் என்று ஏராளமான பொருள்கள் வந்தன. எல்லாம் பிடுங்கப்பட்டவர்கள் எப்படியோ காப்பாற்றி வைத்திருந்தவை. இந்தத் துறையைத் திரும்ப மூடாமல் நினைவிடமாக வைக்கவேண்டும் என்று கறுப்பர் இயக்கங்கள் குரல் கொடுத்தன. இன்று அங்கே போகிறவர்கள் இரண்டு துறைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பார்க்கலாம்.

இதோடு கதை நல்லபடியாக முடிந்ததா? தலையைத் தூக்கினால் ப்ரொவிடென்சியா குன்று தெரிகிறது. கனுதோஸ் போரிலிருந்து திரும்பி, வாக்களித்த வீடு கிடைக்காத சிப்பாய்களும் நகரத்தில் குடியிருப்பு இடிக்கப்பட்ட ஏழைகளும் 1897 வாக்கில் குடியேறிய குன்று அது. ‘ஃபவேலா’ என்ற சொல்லே இந்தக் குன்றிலிருந்துதான் பரவியது. துறைமுகத்தைப் புதுப்பித்த அதே ஆண்டுகளில் நகராட்சி ஆட்கள் குன்றின் வீடுகளில் எழுத்தும் எண்ணும் பூசிவிட்டுப் போனார்கள். குறி போட்ட வீடு காலி செய்யவேண்டிய வீடு என்று பொருள். மக்கள் எதிர்த்து நின்றார்கள், நீதிமன்றம் போனார்கள். குன்றுக்கு விட்ட கேபிள் கார் 2014இல் ஓடத் தொடங்கி, ஒலிம்பிக் முடிந்த சில மாதங்களில் நின்று, பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்தது. கீழே முன்னோர்களின் காலடிக்குப் பாரம்பரியச் சின்னம், மேலே பேரப்பிள்ளைகளின் வீட்டுச் சுவரில் குறி.

வலோங்கோவுக்கு எதிரே ஒரு பழைய கிடங்கு நிற்கிறது. அதைக் கட்டியவர் ஆந்த்ரே ரெபோசாஸ் என்ற கறுப்பின எஞ்சினியர். 1870களில், அடிமை உழைப்பைச் சேர்க்காமல் கட்டினார். அடிமை ஒழிப்புக்காகப் போராடிய அவர், விடுதலையோடு நிலமும் தரவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். 1888 மே 13 அன்று வந்த ஒழிப்புச் சட்டத்தில் இருந்தது இரண்டே பிரிவுகள். நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1892இல், ட்ரெமென்ஹீர் அறிக்கையின் பேரில் நமக்குப் பஞ்சமி நிலம் என்று ஒன்று எழுதப்பட்டது. எழுதப்பட்ட அந்த நிலம் இன்று யார் கையில் இருக்கிறது என்பதை நம் மக்களிடம் சொல்ல வேண்டியதில்லை.

துறைமுகங்களைப் புதுப்பிக்கிற காலம் இது. பழைய கட்டடத்துக்கு விளக்குப் போட்டு, உணவகம் திறந்து, ‘பாரம்பரியம்’ என்று பலகை வைப்பார்கள். அங்கே மூட்டை சுமந்தவர் யார், கட்டிய கூலி யார், அவர்களைப் புதைத்தது எங்கே என்று கேட்டால்தான் அடுத்த அடுக்கு வெளியே வரும். அந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொன்றும் இருக்கிறது: அவர்களின் பிள்ளைகள் இப்போது எங்கே குடியிருக்கிறார்கள், அந்த இடத்துக்குப் பட்டா இருக்கிறதா? முதல் கேள்விக்கு ரியோ ஓரளவு பதில் சொல்லிவிட்டது. இரண்டாவது கேள்வி அங்கேயும் நிலுவையில் இருக்கிறது, இங்கேயும்தான்.