பசுமை ஹைட்ரஜன்: இரிடியத்துக்கு மாற்று தேடும் இந்தியா, ஆய்வுக்கூடத்தில் யாருக்கு இடம்?

டெல்லி சாணக்யபுரியில் தூதரகம் வைத்திருக்கும் ஜெர்மனியும் இந்தியாவும் 2024 அக்டோபரில் பசுமை ஹைட்ரஜனுக்கான கூட்டுச் செயல்திட்டத்தை வெளியிட்டன. 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தி என்பது இந்தியாவின் இலக்கு. ஆனால், விலைதான் சிக்கல். அதற்கு ஒரு காரணம் வினையூக்கி.

வினையூக்கி என்ன செய்கிறது?

தண்ணீரில் மின்சாரம் செலுத்தினால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் தனித்தனியாகப் பிரியும். இதைச் செய்யும் கருவிதான் எலக்ட்ரோலைசர். வினையூக்கி இல்லாவிட்டால் இதற்கு மின்சாரம் அதிகமாகச் செலவாகும்.

'பெம்' எனப்படும் நவீன எலக்ட்ரோலைசருக்குள் அமிலச்சூழல் நிலவுகிறது. அதில் நிக்கல், இரும்பு எல்லாம் கரைந்துவிடும். அதனால் பிளாட்டினமும் இரிடியமும் தேவைப்படுகின்றன. உலகில் ஆண்டுக்குக் கிடைக்கும் இரிடியம் சுமார் 7-8 டன்தான். அதிலும் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவில் இருந்து வருகிறது.

மாற்று இருக்கிறதா?

இருக்கிறது. காரச்சூழலில் நிக்கலும் இரும்புமே போதும். பழைய ஆல்கலைன் கருவிகள் இப்படித்தான் இயங்குகின்றன. 'ஏஇஎம்' என்ற புதிய வகை, இந்த மலிவான உலோகங்களை பெம் போன்ற மெல்லிய சவ்வுடன் இணைக்கப் பார்க்கிறது. சவ்வும் வினையூக்கியும் ஆண்டுக்கணக்கில் தாங்குமா என்பதுதான் கேள்வி. ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓட்டிப் பார்த்தால்தான் விடை தெரியும்.

பணம் எங்கே போகிறது?

2023 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற தேசிய பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தின் மொத்த ஒதுக்கீடு 19,744 கோடி ரூபாய். இதில் உற்பத்தி ஊக்கத்தொகைக்கு 17,490 கோடி. ஆராய்ச்சிக்கு 400 கோடி, அதாவது சுமார் 2% மட்டுமே.

ஆய்வுக்கூடத்துக்குள் யார்?

காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். பெருநகரத்துக்கு வெளியே இருந்தும் இந்தத் துறைக்குள் நுழைய வழி உண்டு என்பதற்கு அது ஓர் உதாரணம்.

பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய ஆய்வு உதவித்தொகை தொடக்கத்தில் மாதம் 37,000 ரூபாய். இது மாதக்கணக்கில் தாமதமாவதாக மாணவர்கள் பலமுறை புகார் கூறியுள்ளனர். வீட்டில் இருந்து பணம் வரும் மாணவர் சமாளித்துவிடுவார். குடும்பத்தின் முதல் பட்டதாரி பாதியிலேயே வேறு வேலை தேட வேண்டியிருக்கும். அவர் ஓட்டிக்கொண்டிருந்த சோதனையும் அத்தோடு நின்றுபோகும்.