பழியில்லாத வீடும் பயமில்லாத பேயும்

ராம் கோபால் வர்மாவின் 'பூத் ரிட்டர்ன்ஸ்' 2012 அக்டோபரில் முப்பரிமாணப் படமாக வெளிவந்தது. ஒரு குடும்பம் புதிய வீட்டுக்குக் குடிபெயர்கிறது. சிறுமிக்கு ஒரு பொம்மை கிடைக்கிறது. பிறர் கண்ணுக்குப் புலப்படாத ஒரு தோழியுடன் அவள் பேசத் தொடங்குகிறாள். மனிஷா கொய்ராலா நடித்திருந்தும் படம் ஏமாற்றமாகவே முடிந்தது. 2003இல் 'பூத்' எடுத்துப் பார்வையாளரை நடுங்கவைத்த அதே இயக்குநர் இங்கே சறுக்கியது ஏன்? இந்தித் திரையின் பேய்வீடுகள் கடந்துவந்த பாதையைப் பார்த்தால் காரணம் விளங்கும்.

அவ்வகைப் படங்களுக்கு வழிகாட்டியது கமால் அம்ரோஹி இயக்கிய 'மஹல்' (1949). பழைய மாளிகைக்குப் புதிய உரிமையாளனாக வரும் இளைஞனை ஒரு பெண்ணுருவம் பாட்டால் ஈர்க்கிறது. இறுதியில் அவள் ஆவியல்லள், அங்குள்ள தோட்டக்காரரின் மகள் என்பது தெரியவருகிறது. பிரேன் நாக் இயக்கிய 'பீஸ் சால் பாத்' (1962) இன்னும் வெளிப்படையானது. ஜமீன் குடும்பத்தவன் ஒருவனால் சீரழிக்கப்பட்டு உயிர்நீத்த கிராமத்துப் பெண்ணின் ஆவியே பழிவாங்குவதாக ஊர் நம்புகிறது. கொலைகளைச் செய்தவரோ அவளுடைய தந்தை.

இவ்விரு படங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. மாளிகைகள் செல்வாக்கிழந்து நின்றன. அவற்றின் சுவர்களுக்குள் நடந்த அநீதிகள் கணக்குத் தீர்க்கப்படாமலே இருந்தன. திரையில் உலவிய பேய் அந்தக் கணக்கைக் கேட்க வந்த உருவம் எனலாம்.

ராம்சே சகோதரர்களின் 'புரானா மந்திர்' (1984) இந்த உறவைத் தலைகீழாக்கியது. அங்கே சாம்ரி என்னும் கொடியவன் அரச குலத்தைச் சபிக்கிறான். அக்குலத்துப் பெண்கள் பிள்ளைப்பேற்றில் மடிகின்றனர். குற்றம் மாளிகைக்காரரை விட்டு அரக்கன் தலைக்கு இடம்பெயர்ந்தது. ஆயினும், முன்னோர் காலத்து நிகழ்ச்சி ஒன்று பேரப்பிள்ளைகளைத் துரத்துகிறது என்ற இழை அறுபடவில்லை.

'பூத்' அந்த இழையை மும்பையின் அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் கொண்டுசென்றது. அவ்வீட்டில் முன்பு குடியிருந்த பெண் மாண்டுபோனதைக் கணவன் அறிவான். மனைவியிடம் மறைத்துவிட்டு வீட்டை எடுக்கிறான். நகரத்தில் வீடு தேடி அலைந்த எவருக்கும் அந்த மறைப்பு புரியும். இதற்கு முன் இங்கே யார் இருந்தார்கள், ஏன் போனார்கள் என்று கேட்கத் தயங்கும் மனமே அப்படத்தின் அச்சத்துக்கு ஊற்று. படத்துக்குள் ஒரு பாடலும் இல்லாதது அந்த இறுக்கத்தைக் கூட்டியது.

'பூத் ரிட்டர்ன்ஸ்' பொம்மையையும் மறைகேமராவையும் முப்பரிமாணத்தையும் நம்பிற்று. அவை கணநேரம் திடுக்கிட வைக்கும். ஆனால் அந்த வீட்டின் கடந்தகாலம் குடியேறியவர்களின் மனச்சான்றைத் தொடவில்லை. மூடி மறைத்த பொய்யோ வாங்கிய பழியோ அவர்களிடம் இல்லை. ஆகவே பேய் கேட்பதற்கு அங்கே ஒரு கேள்வியும் இருக்கவில்லை.

'மஹல்' படத்தில் பேயே இல்லை. ஆயினும் தோட்டக்காரரின் மகள் அம்மாளிகைக்குள் நுழைய ஆவியாக வேடமிட வேண்டியிருந்தது என்ற உண்மை இன்றும் உறுத்துகிறது.