பஞ்சமி நிலப் பட்டா: நிபந்தனையை நீதிமன்றம் எப்படி வாசிக்கிறது?

தாம்பரத்திலிருந்து தெற்கே ஜி.எஸ்.டி. சாலை நெடுக மனைப்பிரிவு விளம்பரங்களைப் பார்க்கிறோம். இந்தப் பகுதி முன்பு செங்கல்பட்டு ஜில்லா. பஞ்சமி நில வரலாறு தொடங்கியது இங்கேதான். 1891இல் ஜில்லா கலெக்டர் திரமென்ஹீர் பறையர் மக்களின் நிலை குறித்து அறிக்கை எழுதினார். சொந்த நிலம் இல்லாதவரை ஆண்டைகளின் பிடியிலிருந்து விடுதலை இல்லை என்பது அதன் சாரம். 1892 செப்டம்பர் 30இல் அரசாணை வந்தது.

அந்த வழியில் ஒப்படைக்கப்பட்ட நிலங்களின் பட்டாக்களில் ஒரு நிபந்தனை உண்டு. முதல் 10 ஆண்டுகள் விற்கவோ, அடமானம் வைக்கவோ, தானம் தரவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. அதன்பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறினால் அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

இந்த நிபந்தனை செல்லுமா? வாங்கியவர் தரப்பு 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 10ஆம் பிரிவைக் காட்டும். சொத்தைக் கொடுத்துவிட்டு விற்கவே கூடாது என்று முழுத் தடை போட்டால், அந்தத் தடை செல்லாது என்கிறது அது. ஆனால் 2018இல் நீக்கப்படும்வரை 1895ஆம் ஆண்டு அரசு மானியங்கள் சட்டம் அரசு வழங்கும் நிலத்துக்கு அந்த விதி பொருந்தாது என்றது. அதன்படி, பட்டாவில் எழுதிய நிபந்தனை எழுதியபடியே செல்லும் என்றிருந்தது. ஒரே வரிதான். எந்தச் சட்டத்தை வைத்து வாசிக்கிறோம் என்பதில் நிலமே கைமாறிவிடுகிறது.

கர்நாடகம் இப்படிப்பட்ட நிலங்களை மீட்க 1978இல் தனிச்சட்டம் இயற்றியது. வாங்கியவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 1984இல் மஞ்சேகவுடா வழக்கில் நீதிமன்றம் நிபந்தனையின் நோக்கத்தைப் பார்த்தது. நலிந்த மக்களைக் காக்கவே அது போடப்பட்டது. அதை மீறி வாங்கியவருக்குக் கிடைத்தது ரத்தாகக்கூடிய உரிமை மட்டுமே என்று கூறிச் சட்டத்தை உறுதிசெய்தது. ஆனால் அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே நீண்டகால அனுபவத்தால் முழு உரிமை பெற்றுவிட்டவர்களுக்கு அது பொருந்தாது என்றும் சொன்னது. காலம் கடத்துவது யாருக்கு லாபம் என்று இதிலிருந்தே புரியும்.

தமிழ்நாட்டில் அப்படியொரு தனிச்சட்டம் இல்லை. நம் கையில் இருப்பது பட்டாவின் அந்த நிபந்தனைதான். 1994இல் காரணையில் பஞ்சமி நில மீட்புப் போராட்டம் எழுந்தது. அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரிழந்தார்கள். அவர்கள் கேட்டது சலுகையல்ல, அரசே எழுதிக் கொடுத்ததை நிறைவேற்றச் சொன்னார்கள்.

எனவே உங்கள் ஊர் நிலத்துக்கு இன்றைய கணினிப் பட்டாவோடு நின்றுவிடாதீர்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பழைய ‘ஏ’ பதிவேட்டையும் ஒப்படை ஆணையையும் கேளுங்கள். ‘டி.சி.’ என்ற குறிப்பு இருக்கிறதா பாருங்கள். நீதிமன்றம் நிபந்தனையை வாசிக்க வேண்டுமானால், அது எழுதப்பட்ட காகிதத்தை நாம்தான் கொண்டுபோய் வைக்க வேண்டும்.