மங்கல் தானியங்கியும் நிலைக் குறைப்பும்

பொறி ஒன்று நடந்ததை எவ்வாறு நினைவில் இருத்துகிறது? இவ்வினாவை ஒட்டி வளர்ந்ததே தானியங்கிக் கொள்கை. தானியங்கி என்பது ஈண்டு இரும்பாலான இயந்திரம் அன்று. ஒரு கணித அமைப்பு. அதற்குச் சில நிலைகள் உண்டு. ஓர் எழுத்து உட்புகுந்ததும் எந்நிலையிலிருந்து எந்நிலைக்குப் பெயர்வது என்னும் விதிகளும் உண்டு. எழுத்துத் தொடர் முடிந்ததும், அதனை ஏற்பதா தள்ளுவதா என்று அது முடிவு கூறும். நிலைகளே அதன் நினைவு. அவை குறைந்தால் உறுப்புகளும் செலவும் குறையும்.

இரு நிலை ஒன்றாவது எப்போது?

1954ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் டேவிட் ஹஃப்மன், மின்சுற்றுகளை அமைப்பது பற்றிய தம் கட்டுரையில் மிகையான நிலைகளைக் களையும் வழியைக் காட்டினார். 1956இல் எட்வர்ட் மூர் அதன் அடிப்படையை விளக்கினார். இரு நிலைகளை வேறுபடுத்திக் காட்டவல்ல சோதனை எதுவும் இல்லையெனில், அவ்விரண்டும் ஒன்றே என்பது அவர் கருத்து.

எடுத்துக்காட்டாக, மணிகளை 0, 1, 2, 3 என எண்ணி, மீண்டும் 0க்குத் திரும்பும் பொறி ஒன்றைக் கொள்வோம். எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்பது மட்டுமே அதனிடம் கேட்கப்படும் கேள்வி. அவ்வாறாயின் 0க்கும் 2க்கும் வேறுபாடில்லை; 1க்கும் 3க்கும் அவ்வாறே. நான்கு நிலைகள் இரண்டாகச் சுருங்கிவிடுகின்றன. வந்த வழி வேறாயினும் இனிச் செல்லும் வழி ஒன்றாயின் நிலையும் ஒன்றே. 1957இல் ஜான் மைஹிலும், 1958இல் அனில் நெரோடும் இவ்வுண்மைக்கு உறுதியான கணித வடிவம் தந்தனர். விதிகள் ஐயத்திற்கிடமின்றி அமைந்த தானியங்கிக்கு மிகச் சிறிய வடிவம் ஒன்றே உண்டு என்பது இதனால் தெளிவாயிற்று. 1971இல் ஜான் ஹாப்கிராஃப்ட் அதனை விரைந்து காணும் முறையையும் வகுத்தார்.

மங்கல் புகுந்தது

பாக்கு நகரிற் பிறந்து, அமெரிக்காவின் பெர்க்கிலியில் பணியாற்றிய லோத்ஃபி சாதே, 1965இல் 'மங்கற் கணம்' என்னும் கருத்தை வெளியிட்டார். ஒரு பொருள் ஒரு கணத்தைச் சேர்ந்தது, அல்லது சேராதது என்ற இரண்டே விடைகளுக்குப் பதிலாக, 0க்கும் 1க்கும் இடைப்பட்ட அளவுகளுக்கும் அவர் இடமளித்தார். சில ஆண்டுகளுக்குள் சாந்தோஸ், வீ, ஃபூ முதலியோர் இக்கருத்தைத் தானியங்கிக்குப் பொருத்தினர்.

மங்கல் தானியங்கியில் ஒவ்வொரு பெயர்ச்சிக்கும் ஓர் அளவு உண்டு. ஒரு வழியில் 0.8, 0.6 என இரு பெயர்ச்சிகள் இருப்பின், அவ்வழியின் வலிமை குறைந்ததாகிய 0.6. மற்றொரு வழியில் 0.7, 0.5 எனில் அதன் வலிமை 0.5. இவற்றுட் பெரிதாகிய 0.6 என்பதே விடை.

இங்கேதான் இடர் தோன்றிற்று. ஒரே எழுத்திற்குப் பல வழிகள் திறந்திருப்பதால், பழைய முறை அப்படியே பொருந்தவில்லை. 0, 1 என்னும் இரண்டு அளவுகளை மட்டும் கொண்ட பல்வழித் தானியங்கியிலேயே மிகச் சிறிய வடிவத்தைக் காண்பது மிகக் கடினம் என்பதை 1993இல் ஜியாங், ரவிக்குமார் ஆகியோரின் ஆய்வு நிறுவியது. அதனையும் உள்ளடக்கிய மங்கல் தானியங்கியில் அவ்விடர் நீங்க வழியில்லை.

நீஷ் அறிஞர்களின் வழி

செர்பியாவின் நீஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிரோஸ்லாவ் சிரிச்சும் அவர்தம் குழுவினரும் வேறொரு வழியை மேற்கொண்டனர். மிகச் சிறியதையே தேடி இடர்ப்படாமல், விடை சிறிதும் மாறாத வகையில் இயன்ற மட்டும் குறைக்க முற்பட்டனர். 2010இல் வெளியான அவர்கள் கட்டுரை, நிலைகளுக்கிடையேயுள்ள ஒப்புமையையும் ஓர் அளவாகவே கொண்டது. அவ்வளவுகள் நிறைவு செய்யவேண்டிய சமன்பாடுகளை அமைத்து, அவற்றின் மிகப் பெரிய தீர்வைத் தேடியது. முழு ஒப்புமை, அதாவது 1, உள்ள நிலைகளே ஒன்றாகச் சேரும். ஆயினும் இடைப்பட்ட அளவுகள் வீணல்ல. அவற்றைக் கணக்கிற் கொள்வதால், 'ஆம், இல்லை' என்னும் முறையில் சேராத நிலைகளும் சில வேளைகளிற் சேர்கின்றன. முன்னோக்கியும் பின்னோக்கியும் மாறி மாறிக் குறைத்தால் பயன் மேலும் கூடுகிறது.

ஒப்புமை மங்கலாயினும் விடை மங்குவதில்லை என்பதே இம்முறையின் சிறப்பு. குறைந்த நிலைகளுடைய தானியங்கி, ஒவ்வோர் எழுத்துத் தொடருக்கும் பழைய அளவையே தருகிறது. எதைக் கைவிடலாம் என்பதற்கு மூர் கண்ட அளவுகோல் மங்கல் உலகிலும் மாறவில்லை. பின்வரும் விடையை மாற்றாத வேறுபாடு எதுவோ அதுவே மிகை. ஏனையவற்றைக் காத்தல் கடன்.